விமானத்தில் கையோடு எடுத்துப் போக கேமரா பேக்பேக் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கேமரா பேக்பேக் விற்கும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘கேபினில் எடுத்துப் போகலாம்’ என்று ஒரு வரி கண்ணில் படும். அதை எழுதியவர் பை தயாரித்தவர். கவுண்டரில் தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கேட்டு அவர் எழுதவில்லை. எந்த விமானம், எந்த வகை டிக்கெட், உள்ளே எவ்வளவு சாமான் என்று தெரியாமல் ஒரு பை கேபினுக்குள் போகுமா போகாதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பையைத் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதை ஒழுங்காக முடித்தால், கடையில் தொங்கும் பைகளில் பெரும்பாலானவை தானாகவே கழிந்துவிடும்.

பலரும் நீள அகலத்தைப் பார்த்துப் பை வாங்குகிறார்கள். விமான நிலையத்தில் காலை வாருவதோ பெரும்பாலும் எடைதான். இந்த வழிகாட்டி முழுக்க எடைக்கே அதிக இடம் கொடுப்பது அதனால்தான்.

சரி, கேமராவைப் பெரிய பெட்டியில் போட்டு செக்-இன்னில் அனுப்பினால் என்ன? அது போகும் வழியில் எப்படித் தூக்கி எறியப்படும் என்பது ஒரு பக்கம். பண விஷயம் இன்னொரு பக்கம். 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணங்களில், செக்-இன் சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ கிடைக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு இது; டாலரில் பார்த்தால் 2,000-ஐ ஒட்டி வரும். தூரத்தில் உள்ளதை இழுத்துக் காட்டும் உயர்தர 70-200 ஜூம் லென்ஸ் ஒன்றைப் புதிதாக வாங்கவே அந்தப் பணம் போதாது. போதாததற்கு, கேமரா போன்ற பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் விதிமுறையில் எழுதியும் வைத்திருக்கின்றன. உதிரி பேட்டரிகளைச் செக்-இன்னில் போடவே கூடாது; அந்தக் கதை பின்னால் வருகிறது.

1. முதலில் விதியை எடுத்து எழுதுங்கள்

உலகம் முழுக்கப் பொருந்தும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா 56 × 45 × 25 செ.மீ. என்று ஓர் அளவு சொல்கிறது. அது வழிகாட்டல் மட்டுமே. எந்த நிறுவனத்தையும் கட்டுப்படுத்தாது. 2015-இல் அதே சங்கம் 55 × 35 × 20 என்ற சிறிய அளவை முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பின்வாங்கிவிட்டது.

ஆகவே நிறுவனம் நிறுவனமாகத்தான் பார்க்க வேண்டும். நான் இதை எழுதும்போது எகானமி வகுப்பில் எமிரேட்ஸ் 55 × 38 × 22 செ.மீ., 7 கிலோ என்கிறது. கத்தார் ஏர்வேஸ் 50 × 37 × 25, அதே 7 கிலோ. லுஃப்தான்சா 55 × 40 × 23, 8 கிலோ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தனித்தனி அளவு சொல்லாமல் மூன்று பக்கங்களையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் வர வேண்டும் என்கிறது. எடை 7 கிலோ. ஏர்ஏஷியாவில் இரண்டு பை அனுமதி உண்டு, ஆனால் இரண்டும் சேர்ந்து 7 கிலோ. இன்னொரு கோடியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 56 × 45 × 25, அதுவும் 23 கிலோ வரை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 56 × 36 × 23-ஐ ஒட்டி அளவு வைத்துக்கொண்டு, எடையைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதே இல்லை.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் இணையத்தில் வரும் பல விமர்சனங்கள் பாதிப் பேருக்குத்தான் உபயோகமாகின்றன. அமெரிக்காவுக்குள்ளேயே பறக்கும் ஒருவர் 12 கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ‘ஒரு பிரச்சினையும் இல்லை’ என்று எழுதுவார். அவர் சொல்வது உண்மைதான். 7 கிலோ விதி உள்ள விமானத்தில் ஏறப்போகிறவருக்கு அது எந்த வகையிலும் உதவாது.

அப்புறம் டிக்கெட் வகை. குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றின் மலிவு டிக்கெட்டில் சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டும்தான் இலவசம். ரயன்ஏரில் அது 40 × 30 × 20, ஈஸிஜெட்டில் 45 × 36 × 20. மேலே வைக்கும் பைக்குத் தனிக் காசு. கேமரா பேக்பேக் வாங்கும் எவரும் ‘என் பயணங்களில் இந்த வகை டிக்கெட் எத்தனை?’ என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது. அடிக்கடி அப்படித்தான் என்றால் வாங்க வேண்டிய பையே வேறு. பெரிய பேக்பேக்கை மறந்துவிட்டு, சாதாரண மெல்லிய முதுகுப்பையும் அதற்குள் வைக்க மெத்தை போட்ட ஒரு கேமரா கியூபும் போதும்.

மாறி ஏறும் பயணம் என்றால் வழியில் உள்ள எல்லா விமானங்களிலும் எது கறாரானதோ அதன் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். விமானத்தை ஓட்டுவது வேறு நிறுவனமாக இருக்கும். ‘ஆபரேட்டட் பை’ என்று சிறிய எழுத்தில் வரும் பெயரைப் பாருங்கள். கேட்டில் பையை அளப்பது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ஆட்கள்தான்.

பல நிறுவனங்களில் மாறி மாறிப் பறப்பவருக்கு என் பரிந்துரை, வெளி அளவு 50 × 35 × 20 செ.மீ.க்குள் அடங்கும் பை. மேலே வைக்கும் பைக்கென்று நான் சொன்ன எல்லா வரம்புகளுக்குள்ளும் அது உட்காரும். கணக்குப்படி 35 லிட்டர். மெத்தையும் தடுப்புகளும் தின்றது போக உள்ளே அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

2. தராசை எடுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. எல்லாரும் செய்ய வேண்டியது இதுதான். சமையலறைத் தராசு போதும். எடுத்துப்போகும் ஒவ்வொன்றையும், லென்ஸ் மூடி, ஹுட் (வெயில் படாமல் லென்ஸ் முனையில் மாட்டும் வளையம்) உட்பட, நிறுத்து ஒரு தாளில் எழுதுங்கள். தயாரிப்பாளர் தரும் லென்ஸ் எடையில் பெரும்பாலும் மூடியும் ஹுட்டும் சேர்வதில்லை. பெரிய ஜூம்களில், லென்ஸை டிரைபாடில் பொருத்தும் வளையமான டிரைபாட் காலர்கூட சேராது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். சோனி ஏ7 IV பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) பேட்டரியோடு 658 கிராம். 24-70 ஜிஎம் II லென்ஸ் 695. 70-200 ஜிஎம் II காலர் இல்லாமல் 1,045. இதுவே 2.4 கிலோ ஆகிவிட்டது. உதிரி பேட்டரி மூன்று 250 கிராம் வரும். சார்ஜர், மெமரி கார்டு, கேபிள், துடைக்கும் துணி, ஃபில்டர் என்று சில்லறைச் சாமான் 400 கிராம். 1.4 கிலோ லேப்டாப், அதன் அடாப்டர் 250 கிராம். கூட்டினால் 4.7 கிலோ.

இப்போது பை. பீக் டிசைனின் 45 லிட்டர் டிராவல் பேக்பேக் காலியாகவே ஏறக்குறைய 2 கிலோ. அதில் இதையெல்லாம் போட்டால் 6.7 கிலோவைத் தாண்டும், அதுவும் கேமரா கியூபைச் சேர்க்காமல். ஒரு ஸ்வெட்டர் வைத்தால் போச்சு. அந்த நிறுவனத்தின் பை மோசம் என்று சொல்லவில்லை. நன்றாக மெத்தை போட்டு உறுதியாகத் தைத்த கேமரா பேக்பேக்குகளில் நிறைய இந்த எடையைச் சுற்றித்தான் இருக்கின்றன, சில இதையும் மிஞ்சும். 1.3 கிலோ பை ஒன்று கிடைத்தால் இதே சாமானோடு இன்னும் ஒரு கிலோ மிஞ்சுகிறது. கூடவே ஒரு வைடு லென்ஸ், ஒரு மெல்லிய மழைக்கோட்டு என்று எடுத்துப் போகலாம்.

ஆக, 7 கிலோ விதியில் பறப்பவர் பையின் விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது காலி எடை. லிட்டரும் பாக்கெட் எண்ணிக்கையும் அதற்குப் பிறகு. என் அளவுகோல் இது: 7 கிலோ வரம்புக்கு 1.5 கிலோவைத் தாண்டிய பையைத் தொடாதீர்கள். 10 கிலோ வரம்பு என்றால் 2 கிலோ வரை பொறுத்துக்கொள்ளலாம். எடையே கேட்காத நிறுவனங்களில்தான் எப்போதும் பறப்பீர்கள் என்றால், முதுகுக்கு வசதியானதை வாங்கிவிட்டுப் போகலாம்.

சக்கரம் வைத்த கேமரா ட்ராலியைப் பலர் கேட்பதுண்டு. சக்கரமும் இழுக்கும் கம்பியும் சேர்ந்து காலிப் பெட்டியின் எடையை எளிதாக 3 கிலோவுக்கு மேல் கொண்டுபோய்விடும். 7 கிலோவில் பாதி அங்கேயே காலி. தவிர, ஊழியர்களின் கண் முதலில் ட்ராலி மீதுதான் விழுகிறது என்பது என் அபிப்பிராயம். முதுகோடு ஒட்டிய பை அவ்வளவாக யார் கண்ணையும் உறுத்துவதில்லை. அதை நம்பி 11 கிலோ ஏற்றாதீர்கள்.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எடையில் சேராது என்று ஒரு யோசனை உலவுகிறது. சில நிறுவனங்கள் கேமராவைத் தனியாக அனுமதிக்கின்றன. சிலவற்றில் அதுவும் ஓர் உருப்படிதான். விதிப் பக்கத்தில் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். கோட்டுப் பையில் இரண்டு லென்ஸைச் செருகிக்கொள்பவர்களும் உண்டு. எல்லா இடத்திலும் செல்லும் என்று சொல்ல முடியாது.

3. பையின் அளவைச் சரியாகப் படியுங்கள்

பையின் விவரத்தில் உள் அளவு, வெளி அளவு என இரண்டு இருக்கும். விமானத்துக்கு வெளி அளவுதான் கணக்கு. கைப்பிடி, பக்கவாட்டுப் பை, சக்கரம், பக்கிள் எல்லாம் அதில் அடக்கம். வெளி அளவு போடாத பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. தயாரிப்பாளர் அளப்பது காலிப் பையை. முன்பக்கப் பாக்கெட்டில் ஒரு ஜாக்கெட்டைத் திணித்தால் 20 செ.மீ. தடிமன் 25 ஆகிவிடும். கேட்டில் பையை இறக்கிப் பார்க்கும் அளவுக் கூண்டில் மாட்டுவது நீளமோ அகலமோ அல்ல, இந்தப் புடைப்புதான். அதனால் முன்பாக்கெட் பெரிதாக உள்ள பைகளில் பக்கவாட்டில் இறுக்கும் ஸ்ட்ராப் இருக்கிறதா என்று பாருங்கள். விரிக்கும் ஜிப் உள்ள பைகளை, விரிக்காத நிலையின் அளவை வைத்தே மதிப்பிடுங்கள்.

உயரத்தில் இரண்டு செ.மீ. கூடியிருந்தால் என்ன செய்வது? மேல்பகுதி மெத்தென்று இருந்து அமுங்கினால் பரவாயில்லை. சுருட்டி மூடும் ரோல்-டாப் பைகளின் பெரிய அனுகூலம் இதுதான். உள்ளே அலுமினிய ஃபிரேமோ விறைப்பான பலகையோ உள்ள பை ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்காது. இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி உள்ளே வைக்க முடிய வேண்டும். தொங்கிக்கொண்டிருந்தால் கூண்டிலும் சிக்கும், மேல் அலமாரியில் பக்கத்துப் பையிலும் சிக்கும்.

டிரைபாடைப் பையின் பக்கவாட்டில் கட்டினால் அந்த அகலமும் அளவில் சேரும், எடையும் சேரும். கையில் எடுத்துப்போக அனுமதிப்பதா என்பதில் விமான நிலையத்துக்கு விமான நிலையம் முடிவு வேறுபடும். என்னைக் கேட்டால் டிரைபாட் செக்-இன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே போக வேண்டிய பொருள். உடைந்தாலும் பயணம் நின்றுபோகாத ஒரே உபகரணம் அதுதான்.

4. உள்ளே எப்படி அடுக்குவீர்கள்?

லென்ஸ் மாட்டிய கேமராவை மேசை மேல் வைப்பது போலவே பைக்குள் படுக்க வைத்தால், பைக்குத் தேவையான உள் ஆழம் பாடியின் உயரம்தான். ஏ7 IV-இன் உயரம் 9.6 செ.மீ. உள்ளே 11 அல்லது 12 செ.மீ. ஆழம் இருந்தால் நிம்மதியாக உட்காரும். கேனான் ஆர்3 போல அடியில் கிரிப்போடு வரும் பாடி 14 செ.மீ.க்கு மேல். அதற்கு உள்ளேயே 15 வேண்டும். மெத்தை, லேப்டாப் அறை, முன்பாக்கெட் எல்லாம் சேர்ந்தால் வெளித்தடிமன் 20-ஐத் தாண்டிவிடும். கழற்றக்கூடிய கிரிப் என்றால் பயணத்தின்போது கழற்றித் தனியே வையுங்கள். கழற்ற முடியாத பாடி வைத்திருப்பவர் இந்த ஓர் அளவை முதலில் பார்த்துவிட்டே மற்றதைப் பார்க்க வேண்டும்.

70-200 லென்ஸில் ஹுட்டைத் திருப்பி மாட்டினால் நீளம் குறையும், சுற்றளவு பெருக்கும். கேமராவில் மாட்டியபடியே வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விமானப் பயணத்துக்கு மட்டும் விட்டுவிடலாம். பாடியும் லென்ஸும் தனித்தனியாக இருந்தால் அதே இடத்தில் இன்னொரு லென்ஸ் பிடிக்கும். லென்ஸ் பொருந்தும் மவுன்ட் மீது பாரமும் விழாது.

திறப்பு விஷயத்தில் முதுகுப்பக்கம் திறக்கும் பைக்கே என் ஓட்டு. கூட்டத்தில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் ஜிப்பைத் தொட முடியாது. பக்கவாட்டுத் திறப்பு கூட இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் பார்ப்பது, உள்ளே உள்ள மெத்தைப் பெட்டி தனியாக வெளியே வருமா என்பதை. எஃப்-ஸ்டாப் நிறுவனம் ஐசியு என்கிறது, சிமோடா கோர் யூனிட் என்கிறது, மற்றவர்கள் கியூப் என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன, பையைக் கலைக்காமலே கேமராக்கள் மொத்தமும் ஒரே கைப்பிடியில் கழன்று வர வேண்டும். கேட்டில் ‘இந்தப் பை கீழே போகட்டும்’ என்று சொல்லும் நொடியில், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துணியும் சார்ஜரும் உள்ள வெற்றுப் பையைக் கொடுத்துவிடலாம். அந்தப் பெட்டி சீட்டுக்கு அடியில் போகும் அளவாகவும் இருந்தால் பாதிக் கவலை விட்டது. பையோடு சேர்த்துத் தைத்த தடுப்புகளில் இந்தத் தப்பும் வழி இல்லை.

சிறிய விமானங்களில் இது ஏதோ எப்போதாவது நடக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஏடிஆர் 72, சிஆர்ஜே போன்றவற்றின் மேல் அலமாரி சிறியது. விதிப்படி சரியான அளவுள்ள பைக்கே சில சமயம் அங்கே இடம் இருக்காது. படிக்கட்டருகில் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். முன்பதிவில் விமானத்தின் வகை போட்டிருக்கும், பாருங்கள். பெரிய விமானத்திலும் எமர்ஜென்சி வழி வரிசையிலும் தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையிலும் பொதுவாகப் பையைக் காலடியில் வைக்க விடமாட்டார்கள். கேமராவைக் கண்ணெதிரே வைத்திருக்க விரும்புகிறவர் அந்தச் சீட்டுகளைத் தவிர்க்கலாம்.

5. பேட்டரி

உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் வர வேண்டும். ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை உள்ளவற்றில் உதிரி இரண்டு, அதுவும் நிறுவனத்தின் சம்மதத்தோடு. 160-க்கு மேல் கிடையாது. வாட்-ஹவர் போடாத பேட்டரியில் வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்குங்கள். சோனி என்பி-எஃப்இசட்100-இல் 7.2 × 2.28, அதாவது 16.4. ஆகவே சாதாரண கேமரா பேட்டரி பற்றிக் கவலையே வேண்டாம். பெரிய வீடியோ விளக்குகளுக்கான பேட்டரி வைத்திருப்பவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எத்தனை எடுத்துப் போகலாம் என்பதற்குச் சில நிறுவனங்கள் தனி வரம்பு வைத்துள்ளன.

முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் மூடி போட்டோ தனித்தனிப் பையிலோ வையுங்கள். பை கேட்டில் கீழே போகும் நிலை வந்தால் பேட்டரிகளை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் எல்லா பேட்டரியும் ஒரே சிறு பையில், மேல்பாக்கெட்டில் இருக்க வேண்டும். வரிசையில் நின்று கேமரா அறையைப் பிரித்துத் துழாவிக்கொண்டிருக்க முடியாது.

பவர் பேங்க் விதிகள் வேகமாக இறுகி வருகின்றன. 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று தீப்பிடித்தது. அந்த மார்ச் முதல் கொரிய விமானங்களில் பவர் பேங்கை மேல் அலமாரியில் வைக்கத் தடை வந்தது. அக்டோபரில் எமிரேட்ஸும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை போட்டது. பவர் பேங்கைச் சட்டென்று வெளியே எடுக்க, கையெட்டும் வெளிப்பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

6. சோதனை மேடையும் முதுகும்

லேப்டாப் அறை தனி ஜிப்போடு இருந்தால் போதும். பையைப் பல கோணங்களில் படமெடுக்கும் சிடி ஸ்கேனர் வந்த நிலையங்களில் பெரும்பாலும் எதையும் வெளியே எடுக்கச் சொல்வதில்லை. பழைய எந்திரம் உள்ள இடத்தில் லேப்டாப்பையும் சில சமயம் கேமராவையும் எடுக்க வேண்டும். ஃபிலிம் வைத்திருந்தால் சிடி ஸ்கேனருக்குள் விடாதீர்கள், அது ஃபிலிமைக் கெடுத்துவிடும். தெளிவான பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

முதுகு விஷயத்தில் 7 கிலோ பைக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. அகலமான தோள்பட்டையும் ஒரு மார்புப் பட்டையும் போதும். இறங்கிய பிறகு மலையேறப் போகிறவர் மட்டும் தன் முதுகு நீளத்துக்குப் பொருந்தும் பையைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

7. வாங்கிய அன்றே ஒத்திகை

பை வந்ததும் லேபிளைக் கிழிக்காதீர்கள். முதல் படியில் எழுதிய அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டுங்கள், மேல்பக்கம் திறந்தபடி. பையில் உண்மையிலேயே எடுத்துப் போகும் எல்லாவற்றையும் அடுக்குங்கள். லேப்டாப், மழையுறை, சாப்பாட்டு டப்பா உட்பட. இப்போது அட்டைப் பெட்டிக்குள் இறக்குங்கள். அடித்துத் திணிக்க வேண்டியிருந்தால் அந்தப் பை வேண்டாம். தடையில்லாமல் இறங்கி, திரும்பவும் ஒரே கையால் வெளியே வர வேண்டும்.

அடுத்து, பையை மாட்டிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பை இல்லாமல் ஒருமுறை ஏறுங்கள், கழியுங்கள். வரம்புக்கு அரை கிலோ கீழே இருந்தால் நல்லது. விமான நிலையத் தராசு வீட்டுத் தராசோடு ஒத்துப்போகும் என்று நிச்சயமில்லை.

கடைசியாக கேட் ஒத்திகை. நின்றபடியே பையை இறக்கி, மெத்தைப் பெட்டியையும் பேட்டரிப் பையையும் வெளியே எடுத்து, மீதியை மூடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். ஜிப் சிக்கினாலோ, பெட்டி வெளியே வர லேப்டாப்பை முதலில் எடுக்க வேண்டியிருந்தாலோ, கடை திருப்பி வாங்கிக்கொள்ளும் நாட்கள் முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு பை பாருங்கள்.